திருமணப் புகைப்படத் தொழில்: எந்தக் கருவியை எந்த வரிசையில் வாங்குவது?

கெட்டிமேளம் ஒருமுறைதான் ஒலிக்கும். மூன்று முடிச்சும் விழுந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் மெமரி கார்டு பழுதானாலும், கேமரா உறைந்து நின்றாலும், ‘இன்னொரு முறை கட்டுங்கள்’ என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. கேட்கும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த திருமணத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாக வாங்குகிறார்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஒரே ஒரு விலையுயர்ந்த கேமராவில் போட்டுவிட்டு, மாற்றுக் கேமரா இல்லாமல், நகல் எடுக்க ஹார்டு டிஸ்க் இல்லாமல், கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. இழந்தால் திரும்பப் பெற முடியாதவற்றைக் காக்கும் கருவிகள் முதலில். படத்தை அழகாக்கும் கருவிகள் அடுத்து. மற்றவர்களைப் பார்த்து ஆசைப்பட்டவை கடைசியில்.

கேமராவை இயக்கத் தெரியும், ஏற்கெனவே ஒருவரிடம் உதவியாளராகச் சில திருமணங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாவது இல்லையென்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். மண்டபத்தில் யார் எங்கே நிற்பார்கள், ஐயர் எப்போது எழுந்திருக்கச் சொல்வார், வீடியோ எடுப்பவர் எந்தப் பக்கம் இடம் பிடிப்பார் என்பதை எந்தக் கருவியும் கற்றுத் தராது.

1. முதலில் வேலையை எழுதுங்கள், பிறகு விலை கேளுங்கள்

எந்தக் கடைக்கும் போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன விற்கப்போகிறீர்கள், எத்தனை பேர் வேலை செய்வீர்கள், வாடிக்கையாளர் கையில் கடைசியாக என்ன கொடுப்பீர்கள். மேடைப் படங்களும் குடும்பப் படங்களும் மட்டுமா, ஆட்கள் இயல்பாக இருக்கும்போது எடுக்கும் கேண்டிட் படங்களுமா, வீடியோவும் சேர்த்தா? ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு. கேண்டிட் மட்டும் எடுப்பவருக்கு மேடை விளக்குகள் தேவையில்லை. மேடைப் படம் எடுப்பவருக்கு அவை இல்லாமல் முடியாது.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. கருவிகளுக்கு ஆறு லட்சம் ரூபாய் ஆகிறது, நான்கு ஆண்டுகள் உழைக்கும், ஆண்டுக்கு 30 திருமணங்கள் எடுப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 120 திருமணங்கள். அப்படியென்றால் ஒவ்வொரு திருமணத்துக்கும் கருவித் தேய்மானம் மட்டும் 5,000 ரூபாய். உதவியாளர் சம்பளம், பயணம், ஆல்பம், எடிட்டிங், உங்கள் கூலி எல்லாம் அதற்கு மேல்தான். இந்தக் கணக்கைப் போடாதவர்கள் பக்கத்து ஸ்டுடியோவின் விலையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள். நான்காம் ஆண்டில் பழைய கேமராவை மாற்றப் பணம் இல்லாமல் நிற்பவர்களும் அவர்கள்தான்.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அநேகமாக இருக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள். வருமானம் பத்து மாதம், தவணை பன்னிரண்டு மாதம். கேமராவைத் தவணையில் வாங்குபவர்கள் இந்த இரண்டு மாதங்களுக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

2. பதிவும் வங்கிக் கணக்கும்

இது சலிப்பான வேலை. அதனாலேயே முதலில் முடித்துவிட வேண்டும்.

மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்யுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது; கட்டணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது என்று அறிந்துகொள்ளுங்கள். இந்தப் பதிவு, வங்கியில் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கவும் பின்னால் கடன் கேட்கவும் உதவும்.

நடப்புக் கணக்கு எதற்கு? முன்பணம் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். ஐப்பசித் திருமணத்துக்கு வாங்கிய முன்பணம் ஆவணியிலேயே செலவாகிவிட்டால், ஆல்பம் அச்சிட அடுத்த வாடிக்கையாளரின் முன்பணத்தைத் தேட வேண்டியிருக்கும். புதிய ஸ்டுடியோக்கள் மூடப்படுவதற்குப் படத்தின் தரத்தைவிட இந்தச் சுழல்தான் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். புகைப்படச் சேவைக்கு வரி 18 சதவீதம். எல்லையை நெருங்கும்போதே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வரியைச் சேர்க்காமல் பேசி முடித்த விலைக்குப் பிறகு 18 சதவீதம் கூட்டிக் கேட்டால், பெண்ணின் அப்பா ஒத்துக்கொள்ளப்போவதில்லை. அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். பதிவு செய்தவர்கள் கேமரா வாங்கும்போது தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தே பில் வாங்க வேண்டும். அப்போதுதான் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியும்.

3. ஒப்பந்தம்: இலவசமான கருவி, ஆனால் யாரும் வைத்திருப்பதில்லை

‘நம்ம ஊர்க்காரர்தானே, வாய்ப்பேச்சு போதும்’ என்ற எண்ணம்தான் பெரும்பாலான தகராறுகளின் தொடக்கம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். குடும்பத்தில் பணம் கொடுப்பவர் படித்துப் பார்க்கக்கூடிய மொழியில் இருப்பது முக்கியம்.

நேரத்தை முதலில் எழுதுங்கள். ‘திருமண நாள்’ என்று மட்டும் எழுதினால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் மணப்பெண் அலங்காரம் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். முந்தைய நாள் மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் இரவு பதினொன்று வரை நீளும். தொடக்க நேரம், முடிவு நேரம், அதற்குமேல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதை எண்ணால் எழுதுங்கள்.

பணம் மூன்று தவணை. தேதியை உறுதி செய்ய ஒரு பகுதி, முகூர்த்தத்துக்கு முன்பே பெரும்பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. கடைசித் தவணை சிறியதாக இருக்கட்டும். திருமணம் முடிந்த வீட்டில் மண்டபம், சமையல், நகை, பந்தல் என்று எல்லாக் கணக்கும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அந்த வரிசையில் புகைப்படக்காரர் எப்போதும் கடைசி.

ஆல்பத்தில் எத்தனை தாள்கள், எத்தனை படங்கள் திருத்தித் தரப்படும், மூலக் கோப்புகள் தரப்படுமா இல்லையா, படங்களை எத்தனை மாதம் பாதுகாப்பீர்கள், தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும், ரத்தானால் என்ன ஆகும், உங்களுக்கு உடல்நலம் சரியில்லையென்றால் யார் வருவார் என்பதையும் சேருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்தவரே. ஷட்டரை அழுத்தியது நீங்கள் என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் இணையதளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் படங்களைப் போட விரும்பினால் அதற்கான அனுமதியை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள். விருப்பமில்லாத குடும்பங்கள் அந்த வரியை அடித்துவிடட்டும்; வற்புறுத்தாதீர்கள்.

4. நாட்காட்டி

ஒரே முகூர்த்த நாளுக்கு இரண்டு வீட்டாரிடம் முன்பணம் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. வளர்பிறை முகூர்த்தங்கள் சில நாட்களில் குவிவதால் இது அடிக்கடி நடக்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டி போதாது. வீட்டிலிருப்பவர் ஒரு தேதியை ஒத்துக்கொள்ள, நீங்கள் வெளியூரில் இன்னொரு வீட்டாரிடம் அதே தேதியைப் பேசிக்கொண்டிருப்பீர்கள். குழுவில் எல்லோர் கைப்பேசியிலும் தெரியும் கூகுள் காலண்டர் ஒன்றைத் தொடங்குங்கள், செலவில்லை. விசாரிப்பு ஒரு நிறம், முன்பணம் வந்தது இன்னொரு நிறம். முன்பணம் வராத தேதி பூட்டப்பட்ட தேதி அல்ல என்பதை வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. இரண்டு கேமராக்கள், இரண்டும் இரட்டைக் கார்டு வசதியுடன்

இப்போதுதான் கேமராவுக்கு வருகிறோம். விதி எளியது: மிக உயர்ந்த ரகத்தில் ஒன்றைவிட நடுத்தர ரகத்தில் இரண்டு மேல். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக, முடிந்தால் ஒரே பேட்டரியை ஏற்பதாக இருக்கட்டும். முகூர்த்த நேரத்தில் ஒரு கேமராவில் அகன்ற லென்ஸும் இன்னொன்றில் நீண்ட லென்ஸும் தோளில் தொங்கினால் லென்ஸ் மாற்றும் நொடிகள் மிச்சமாகும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

இரட்டைக் கார்டு இடம் இல்லாத கேமராவைத் திருமணத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் இரண்டு இடம் இருந்தும் ஏமாறுபவர்கள் நிறைய. பல கேமராக்கள் கடையிலிருந்து வரும்போது, முதல் கார்டு நிரம்பியபின் இரண்டாவதுக்குப் போகும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது நகல் அல்ல. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி மெனுவில் மாற்றுங்கள். மாற்றியபின் பத்துப் படம் எடுத்து, இரண்டு கார்டையும் தனித்தனியே கணினியில் திறந்து பாருங்கள்.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது, கார்டு இடங்கள் இரண்டும் வேலை செய்கின்றனவா, சென்சாரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் திறப்பை f/16 வரை சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தால் கறை புள்ளிகளாகத் தெரிந்துவிடும். புதியதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லையென்றால் உத்தரவாதமும் காப்பீடும் கேள்விக்குறி.

இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் நொடி வரை ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு திருமணத்துக்கும் முன்னால், உதவியாளரின் கேமராவையும் சேர்த்து. கடிகாரம் ஏழு நிமிடம் பிசகியிருந்தால் கணினியில் வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாலை மாற்றுவார்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நேரத்தை மாற்ற வழி உண்டு. என்றாலும் மூன்று கேமராக்களின் படங்கள் கலந்த பிறகு எந்தக் கேமரா எவ்வளவு பிசகியது என்று தேடுவது வீண் வேலை.

6. லென்ஸ்கள்

இதில் நீண்ட விவாதங்கள் நடக்கின்றன, பெரும்பாலானவை தேவையற்றவை. f/2.8 திறப்புள்ள 24-70 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மேடைக்கும் குடும்பப் படத்துக்கும் போதும். அதனுடன் 85 மில்லிமீட்டர், f/1.8. மணப்பெண்ணின் முகத்துக்கும் கூட்டத்துக்கு நடுவே பாட்டியின் கண்ணீருக்கும் இது. 70-200 லென்ஸை முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள். எத்தனை திருமணங்களில் உண்மையாகவே தேவைப்பட்டது என்று குறித்துவைத்து, வாடகை மொத்தம் வலிக்கத் தொடங்கும்போது வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. f/1.8 இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதிலேயே எடுக்காதீர்கள்; அவ்வளவு பெரிய திறப்பில் தெளிவாக விழும் ஆழம் குறைவு. மாப்பிள்ளை முகம் தெளிவாகவும் பெண்ணின் முகம் மங்கலாகவும் வந்த படத்தை எந்த மாமியாரும் கலை என்று ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டு பேர் என்றால் f/2.8 முதல் f/4, குடும்பக் குழு என்றால் f/5.6 அல்லது அதற்கு மேல்.

7. விளக்குகள்: பணத்தைவிடக் கவனம் அதிகம் தேவைப்படும் இடம்

நம் மண்டபங்களின் வெளிச்சம் ஒரு தனிப் பிரச்சினை. மேலே மஞ்சள் விளக்கு, மேடைப் பின்னணியில் ஊதாவும் சிவப்புமாக எல்இடி, எதிரில் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, நடுவில் ஹோமப் புகை. மணப்பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் ஊதாவாகவும் விழும். எடிட்டிங்கில் இதை முழுவதும் சரிசெய்ய முடியாது.

வாங்க வேண்டியவை: கேமராவில் பொருத்தும் பிளாஷ் இரண்டு, கேமராவில் இருந்தபடி தூர பிளாஷை இயக்கும் டிரிக்கர் ஒன்று, விளக்குத் தாங்கி இரண்டு, வெளிச்சத்தைப் பரப்பும் வெண்குடையோ சாஃப்ட்பாக்ஸோ ஒன்று. பிளாஷ் முகத்தில் நேராக அடித்தால் பட்டுச்சேலையின் சரிகையும் நகையும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். நெற்றிச் சுட்டியின் கல் எதுவும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து, பரவலாக வர வேண்டும். வெளிச்சத்தைக் கூரையில் எதிரொளிக்க வைக்கும் உத்தி, தாழ்வான வெள்ளைக் கூரைக்குத்தான். மண்டபக் கூரைகள் பல உயரமானவை, சில பச்சையோ பழுப்போ வண்ணம் பூசியவை. பச்சைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பச்சைதான்.

பின்னணி எல்இடி விளக்குகளால் படத்தில் குறுக்குக் கோடுகள் விழுவதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் கோடுகள் மறையும். அலங்கார எல்இடிகள் சில வேறு வேகத்தில் துடிப்பதால், மேடை விளக்கைப் போட்டவுடன் நான்கைந்து வேகங்களில் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தச் சோதனை முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் நடக்க வேண்டும்.

தாங்கிகளின் காலில் மணல்மூட்டை கட்டுங்கள். குழந்தைகள் மேடைக்குப் பின்னால் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள்.

8. கார்டுகளும் பேட்டரிகளும்

ஒரே 512 ஜிபி கார்டைவிட 128 ஜிபி கார்டுகள் பல இருப்பது மேல். காரணம் சொல்லத் தேவையில்லை. ரா கோப்பு (கேமரா பதியும், திருத்தாத மூலக் கோப்பு) ஒன்று சுமார் 30 எம்பி என்றால் 5,000 படங்களுக்கு 150 ஜிபி. வீடியோவும் எடுத்தால், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். உங்கள் கேமராவின் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டு, வரும் விடையைப்போல் ஒன்றரை மடங்கு கார்டு, இரண்டு கார்டு இடங்களுக்கும் தனித்தனியே வாங்குங்கள்.

கார்டின் மேல் V30, V60 என்று எழுதியிருப்பது, நொடிக்கு 30 அல்லது 60 எம்பி எழுதும் வேகம் குறையாது என்ற உறுதி. பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதைப் பார்த்து வாங்காதீர்கள். போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு என்பதால், வாங்கியவுடன் முழுவதும் நிரப்பி, திரும்பப் படித்துச் சோதியுங்கள்.

ஒவ்வொரு கார்டுக்கும் எண் ஒட்டுங்கள். காலிக் கார்டு, பையில் முகப்பு மேலாக; நிரம்பியது கவிழ்த்து. குழுவில் எல்லோரும் இதே முறை. அதிகாலை மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் நினைவை நம்ப முடியாது. கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள். நகல் உறுதியாகும் வரை செய்யாதீர்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட மேலும் எடுக்கக் கூடாது. எழுதாமல் எடுத்துவைத்தால் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் மீட்டுத் தர வாய்ப்பு இருக்கிறது.

பேட்டரி, ஒரு கேமராவுக்கு மூன்று. மண்டபத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். இருக்கும் பிளக்குகளை ஒலிபெருக்கிக்காரரும் அலங்காரக்காரரும் முதலிலேயே பிடித்திருப்பார்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

9. நகலெடுப்பு: தொழிலின் முதுகெலும்பு

முன்பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தாலும் அழிந்த படத்துக்கு ஈடாகாது. எனவே இந்தப் பகுதிக்கான செலவைப் பேரம் பேசாதீர்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். உலகெங்கும் பின்பற்றப்படும் இந்த விதியைத் திருமண வேலைக்கு இப்படிப் பொருத்தலாம். மண்டபத்திலிருந்து கிளம்பும் முன் மடிக்கணினியிலும் எஸ்எஸ்டி என்ற சிறிய, வேகமான சேமிப்புக் கருவியிலும் கார்டுகளை நகலெடுங்கள். கார்டுகள் உங்கள் சட்டைப்பையில், எஸ்எஸ்டி உதவியாளர் பையில். ஒரே பையில் எல்லாம் இருந்தால், பஸ்ஸில் அந்தப் பை தொலைந்தால் எல்லாம் போயிற்று. அலுவலகம் வந்ததும் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் ஏற்றுங்கள். அவற்றில் ஒன்று அன்றிரவே வேறு வீட்டுக்குப் போக வேண்டும். தம்பி வீடோ மாமனார் வீடோ, எதுவானாலும் சரி. ஸ்டுடியோவுக்குள் மழைவெள்ளம் புகுந்தால் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டிஸ்கும் ஒன்றாகத்தான் நனையும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் கோப்புகளை வைக்கும் மேகச் சேமிப்பு போதாதா? 100 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும், இடையில் அறுபடாமல் இருந்தால். மூலக் கோப்புகளுக்கு டிஸ்க், திருத்திய இறுதிப் படங்களுக்கு மேகம் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இழுத்துப் போட்டு நகலெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கோப்பு எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக இருக்கலாம். விண்டோஸில் டெராகாப்பி போன்ற மென்பொருள் நகலையும் மூலத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அது ‘சரி’ என்ற பிறகே கார்டைத் தொடலாம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு குழப்பம்: லைட்ரூம் வெளியேறும்போது நகல் எடுக்கவா என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைக்கிறார்கள். அது எடுப்பது கேட்டலாக் என்ற குறிப்பேட்டின் நகலை மட்டுமே. நீங்கள் செய்த திருத்தங்களின் பட்டியல் அதில் இருக்கும். படம் ஒன்றுகூட இருக்காது.

கோப்புறைப் பெயர் எல்லாத் திருமணத்துக்கும் ஒரே பாணியில் இருக்கட்டும்: ஆண்டு, மாதம், நாள், பிறகு இரு வீட்டார் பெயர். ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி’, ‘கடைசி உண்மையானது’ என்ற பெயர்களில் உள்ள டிஸ்க்கை மூன்று ஆண்டு கழித்துத் திறந்து பார்ப்பது ஒரு தண்டனை.

10. கணினி, மானிட்டர், மென்பொருள்

கணினியில் 32 ஜிபி நினைவகமும், நடப்பு வேலைக்கு வேகமான எஸ்எஸ்டியும், யுபிஎஸ்ஸும் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஹார்டு டிஸ்கும் கேட்டலாக்கும் பழுதாகலாம்.

மானிட்டரில் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டிவைத்துத் திருத்துவார்கள், அச்சிடும் லேபிலிருந்து ஆல்பம் இருட்டாக வரும், லேபைத் திட்டுவார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத நல்ல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றும், அதன் நிறத்தை அளந்து சரிசெய்யும் ஸ்பைடர் போன்ற கருவி ஒன்றும் வாங்குங்கள். அரக்குச் சிவப்புக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம் முகூர்த்தப் புடவை எடுத்த வீட்டாருக்கு நன்றாகத் தெரியும்.

மென்பொருளில் லைட்ரூம் கிளாசிக்கும் போட்டோஷாப்பும் சேர்ந்த சந்தாவே பெரும்பாலோருக்குப் போதும். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துக் கழிக்க போட்டோ மெக்கானிக் வேகமானது. ரா கோப்புக்குள் இருக்கும் சிறிய ஜேபெக் படத்தையே காட்டுவதால் காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் தொடங்கலாம். உங்கள் கேமராவின் வீடியோ வடிவம் அதில் திறக்கிறதா என்று திருமணத்துக்கு முன்பே சோதியுங்கள். திருட்டு மென்பொருள் வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதோடு சேர்ந்து வரும் வைரஸ், இணைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம்.

11. தேர்வு, ஆல்பம், ஒப்படைப்பு

வேலை தேங்கும் இடம் இதுதான். 5,000 படங்களைப் பென்டிரைவில் கொடுத்து ‘ஆல்பத்துக்கு 200 தேர்ந்தெடுங்கள்’ என்றால், புதுமணத் தம்பதி ஓராண்டுக்குத் திரும்பமாட்டார்கள். திரும்பும்போது குழந்தைக்குக் காதுகுத்து இருக்கும். மீதிப் பணமும் அதுவரை வராது.

நீங்களே கழித்து 600 அல்லது 700 படங்களாகக் குறைத்து, கைப்பேசியில் இதயக் குறியை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் இணையத் தொகுப்பாகக் கொடுங்கள். இதற்கான சேவைகள் பல உண்டு. கெடு தேதியையும், அதற்குள் தேர்வு வராவிட்டால் நீங்களே தேர்ந்து ஆல்பம் செய்வீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரே ஆளிடம் மட்டும் ஒப்புதல் வாங்குங்கள். அதேபோல் திருமணத்துக்கு முன்பே கட்டாயப் படங்களின் பட்டியலை அவரிடம் கேட்டு வாங்குங்கள். தாய்மாமன், நாத்தனார், துபாயிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் என்று யார் யாரைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. உறவுகளை அடையாளம் காட்ட ஒரு அத்தையோ மாமாவோ மேடை அருகில் நிற்கட்டும்.

12 x 36 அங்குல விரிப்பு ஆல்பத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) கணக்கில் 3,600 x 10,800 பிக்சல். நடுமடிப்பு 18ஆம் அங்குலத்தில் விழும். அங்கே முகம் வைத்தால் மூக்கு மடிந்துவிடும். நான்கு ஓரமும் வெட்டுக்குப் போகும் என்பதால் கால் அங்குலத்துக்குள் எழுத்தோ கையோ வேண்டாம். நிற அமைப்பு, பெரும்பாலான லேபுகள் கேட்பது எஸ்ஆர்ஜிபி. முதல் முறை ஒரு லேபுக்குப் போகும்போது ஆல்பம் முழுவதையும் அனுப்பாமல், இருட்டான படம் ஒன்று, சிவப்புப் புடவை ஒன்று, வெயில் படம் ஒன்று என்று மூன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

மணமக்கள் பெயரின் எழுத்துப்பிழையை லேப் திருத்தாது. அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

12. ட்ரோன்: கேட்பார்கள், அவசரப்படாதீர்கள்

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் எடையுள்ளதை வணிக வேலைக்குப் பறக்கவிட சான்றிதழ் வேண்டும். எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் வான்வெளி வரைபடத்தில் மண்டபம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சான்றிதழ் உள்ள ஒருவரை நாள் வாடகைக்கு அழைப்பதே கணக்குக்கும் மனநிம்மதிக்கும் நல்லது.

13. காப்பீடும் பராமரிப்பும்

கருவிகளுக்கான காப்பீடு எடுக்கும்போது, கடைக்குள் இருக்கும்போது மட்டுமா, வெளியே கொண்டுபோகும்போதும் செல்லுமா என்று கேளுங்கள். தீ, திருட்டுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மேடையிலிருந்து விழுந்து உடைந்த லென்ஸுக்குப் பணம் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு கருவியின் வரிசை எண், பில், புகைப்படம் மூன்றையும் ஒரு பட்டியலாக மேகச் சேமிப்பில் வைத்திருங்கள். திருட்டுப்போனால் காவல் நிலையத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் உலர்பெட்டி நல்லது. வாங்க முடியாதவர்கள் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றிக்கொள்ளுங்கள். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டிவைப்பது பூஞ்சைக்கு விருந்து. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓடினால் லென்ஸில் நீராவி படியும். நன்றாக முன்னதாகவே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள்.

ஆடி மாதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். சென்சார் சுத்தம், பிளாஷ் பேட்டரி மாற்றம், பழைய ஹார்டு டிஸ்குகளை ஒவ்வொன்றாக இணைத்துத் திறக்கிறதா என்ற சோதனை, ஐந்து ஆண்டு தாண்டிய டிஸ்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்றுதல் எல்லாம் அப்போது நடக்கட்டும். சர்வீஸ் மையத்தில் கேமராவைக் கொடுப்பதானால் ஆடி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது ஊரில் உள்ள எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள்.